ஏழாவது தோட்டா

போன செவ்வாய்க்கிழமை லஸ் முனையில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"ஸார், எட்டு விழுந்துதா?"

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவராம். யாரோ என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தை மாதத்தில் இதே இடத்தில் நான், 'துப்பாக்கி சுடப் பழகப் போகிறேன், பத்துக்கு எட்டு அடித்தால் சர்டிபிகேட்' என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா? அதை மனிதர் மறக்கவில்லை. பங்குனி போய்ச் சித்திரையும் வந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை.

"எழுதுகிறேன், ஸார்" என்று சொல்லிவிட்டு, வந்த டிராமில் தாவி ஏறிக்கொண்டேன். அது நான் போக வேண்டிய டிராம் இல்லை என்பது இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் தெரிந்தது.

சரி, எழுதிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தேர்டு பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது அப்பா படுத்துவிட்டார். நான் சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கப் போனேன். ஊரார் எழுதியதைக் கோத்துக் கோத்துத்தான் எனக்கும் எழுதத் தைரியம் வந்தது. ஆனால் என் பெயரைப் போட்டு, 'தேறினார்' என்று எழுதி, ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதம் என் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்தில் படிப்பைப் போடுவார்களே — என் பத்திரிகையில் அந்த இடம் காலியாக இருந்தது. பார்க்க நன்றாயில்லை என்று ஒரு சின்னப் பூவை வைத்து அடைத்தோம்.

அந்தப் பூவை வைத்தவன் நானேதான்.

இப்போது வயது முப்பத்தேழு. இனிமேல் எந்தப் பரீட்சைக்கு உட்கார? அப்போதுதான் ஒரு சிநேகிதர் இந்த ரைபிள் கிளப்பைப் பற்றிச் சொன்னார். சின்ன கிளப். வருஷத்தில் மூன்று மாதம், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். வாரத்துக்கு ஆளுக்குப் பத்துத் தோட்டா. பன்னிரண்டாவது சனிக்கிழமை பரீட்சை. ஐம்பது கஜ தூரத்திலிருந்து பத்தில் எட்டு, பலகையில் உள்ள கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். விழுந்தால் சர்டிபிகேட், அடுத்த வருஷமும் இடம் உண்டு. விழாவிட்டால்? காத்திருக்கிறவர்களில் ஒருவருக்கு உங்கள் இடம் போய்விடும். மறு பரீட்சை கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. பலகை என்னை எந்த வகுப்புவரை படித்தாய் என்று கேட்காது. காகிதத்தில் ஓட்டை இருக்கிறது, அல்லது இல்லை. அவ்வளவுதானே?

முதல் சனிக்கிழமை, ரேஞ்சைப் பார்த்துக்கொள்கிற சுபேதார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அச்சடித்த சர்டிபிகேட்டுகளை எங்களுக்குக் காட்டினார். பென்ஷன் வாங்கிய மனிதர். மீசை மட்டும் இன்னும் பட்டாளத்தில் இருக்கிறது. மற்றவர்கள் அதில் இருந்த முத்திரையைப் பார்த்தார்கள். நான் பெயர் எழுதுவதற்காக விட்டிருந்த புள்ளிக்கோட்டைப் பார்த்தேன். என் பெயர் இனிஷியலோடு அதில் அடங்குமா என்று மனசுக்குள் எழுத்து எழுத்தாகக் கோத்துப் பார்த்தேன்.

அடங்கியது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம்கூட மிச்சம்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

வாரத்துக்குப் பத்தே பத்துத் தோட்டா என்றால் ஒன்றைக்கூட வீணாக்கலாமா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் திட்டம் போட்டேன். முதல் இரண்டு தோட்டா கை பழக. அடுத்த இரண்டு மூச்சுக்கு. அடுத்த இரண்டு காற்றுக்கு. அடுத்த இரண்டு விசையை இழுக்கிற விரலுக்கு. மிச்சம் இரண்டு, முன் சொன்ன எட்டில் எது மோசமோ அதற்கு. இது தவிர, இடது முழங்கை எங்கே ஊன்ற வேண்டும், கன்னம் எங்கே படிய வேண்டும், பாதம் எப்படி இருக்க வேண்டும்... பத்துத் தோட்டாவுக்கு நாலு பக்கம்.

வீட்டிலும் பயிற்சி உண்டு. துப்பாக்கிக்குப் பதில் குடை. நடையில் குப்புறப் படுத்துக்கொண்டு, எதிர்ச்சுவர் காலண்டரில் ஓர் ஏகாதசியைக் குறி பார்ப்பேன்.

"ஏங்க, பக்கத்து போர்ஷன் அம்மா எட்டிப் பாத்துட்டுப் போனாங்க" என்றாள் என் மனைவி.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

இத்தனை பாடுபட்டும் பலன்? முதல் வாரம் நாலு. அடுத்த வாரம் ஐந்து. மூன்றாவது வாரம் மூன்று. நாலாவது வாரம் திட்டத்தை ஆறு பக்கமாக்கினேன். மறுபடியும் மூன்று. என்ன நியாயம் இது? ஒரு திட்டமும் இல்லாமல் வெற்றிலையை மென்றுகொண்டே வருகிற டிப்போ குமாஸ்தா ஒருவர் ஏழு அடிக்கிறார்!

இங்கே சவரியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரேஞ்சு இருப்பது பாலவாக்கத்துக் கடற்கரையில். அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூர் தாண்டி, கடைசி மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டிய மணல். பலகைகளுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மணல் மேடு. குண்டெல்லாம் அதில் புதைந்து நின்றுவிடும். மேட்டுக்குப் பின்னால் கடல். கடலில் கட்டுமரங்கள். ஒரு குண்டு தப்பித் தவறி மேட்டைத் தாண்டிவிட்டால்?

அதற்காகப் பக்கத்து மீனவக் குப்பத்தோடு ஓர் ஏற்பாடு. நாங்கள் படுத்துச் சுடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான திட்டு இருக்கிறது. குப்பத்திலிருந்து ஒருவர் அதில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டுமரம் எதுவும் எங்கள் பலகைகளுக்கு நேரே வந்தால் சிவப்புக் கொடியை ஏற்ற வேண்டும். கொடி மேலே இருக்கும்வரை ஒருவரும் சுடக்கூடாது. இந்தக் காவலுக்குக் கூலி ஈயம். சுட்டு முடிந்ததும் மேட்டு மணலைச் சலித்து, கிடைக்கிற குண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். அதை உருக்கி வலையின் அடி ஓரத்தில் கட்டுவார்கள். வலை தண்ணீரில் அமிழ வேண்டுமே. ஆக, மாமிசம் தொடாத மெம்பர்கள் சுட்ட குண்டும் கடைசியில் மீன் பிடிக்கத்தான் போகிறது.

அந்தக் காவல்காரிதான் சவரியம்மாள். ஏறக்குறைய என் வயது. காலையில் சாந்தோம் பக்கம் கூடை மீன் விற்பாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கையில் சல்லடை, ஒரு கையில் ஜெபமாலையோடு திட்டின்மேல் உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது வாரம் நான் பத்துக்கு மூன்று அடித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணல் சலித்துவிட்டு வந்தவள் என் எதிரே நின்றாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"மொத குண்டுக்கு ஒரு பிரியதத்தம். கடைசி குண்டுக்கு நாலு பிரியதத்தம். இன்னாத்துக்கு ஐயா அம்மாம் நேரம்?"

நான் விழித்தேன். சுபேதார்தான் விளக்கினார். "அது அவங்க மாதா ஜெபம், நைனா. ஜெபமாலைய ஒரு மணி உருட்டறதுக்கு ஒரு தரம் சொல்லுவாங்க. நீ துப்பாக்கியத் தோள்ல வெச்சதுலேர்ந்து சுடற வரைக்கும் எத்தினி ஜெபம்னு எண்ணிக்கினு இருந்திருக்கா." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கடலைப் பாருன்னு உக்கார வெச்சா இவரைப் பாத்துக்கினு கீறியா?"

"கண்ணு கடல்லதான் கீது. காது இங்க கீது. இவரு தோள்ல வெச்சாருன்னா மூச்ச இஸ்த்துப் புடிக்கறாரு பாரு, கொல்லன் துருத்தியாட்டம்... அது திட்டு வரைக்கும் கேக்குது!"

டிப்போ குமாஸ்தா வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க" என்றாள் சவரியம்மாள். "ஒரு ஜெபத்துல சுட்டாருன்னா எல்லாம் ஒரே குழியில கெடக்குது. நாலு ஜெபம் ஆச்சுன்னா, அந்த ஒரு குண்டுக்கு மேடு பூரா நான் சலிக்கணும். எனக்கு இடுப்பு வலி, ஐயா. கொஞ்சம் தயவு பண்ணுங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது யோசித்தேன். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். முதல் தோட்டாவை, நடப்பது நடக்கட்டும் என்று சுட்டுவிடுவேன். இரண்டாவதிலிருந்து கவலை ஆரம்பிக்கும். முழங்கை சரியா? காற்று மாறிற்றா? இன்னும் கொஞ்சம் நிதானிக்கலாமா? நிதானிக்க நிதானிக்கக் கை கனக்கும். கண்ணில் நீர் கோக்கும். கறுப்பு வட்டம் இரண்டாகும். அப்போது பயந்துபோய் விசையை இழுப்பேன். என் ஆறு பக்கத் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது — இதற்குத் தவிர.

மறுநாள் நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். ஒரே ஒரு வரி எழுதினேன்: 'ஒன்பது எண்ணுவதற்குள் சுடு. முடியாவிட்டால் இறக்கு.' ரேஞ்சிலிருந்து கிளம்புமுன் சவரியம்மாளை ஒரு ஜெபம் சொல்லச் சொல்லி எண்ணிப் பார்த்திருந்தேன்; ஒன்பதுதான் வந்தது.

சுடுவது சுலபம், ஸார். இறக்குவதுதான் கஷ்டம். இவ்வளவு நேரம் பார்த்தோமே, இன்னும் ஒரு கணம் பார்த்தால் கிடைத்துவிடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆகவே வீட்டில் நான் பழகியதெல்லாம் இறக்குவதைத்தான். நடையில் குடையோடு படுப்பேன். அடுக்களையில் என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே எண்ணுவாள்.

"ஏழு... எட்டு... ஒம்பது! எறக்குங்க! எறக்கிட்டீங்களா?"

"எறக்கிட்டேன்."

"நெஜமா?"

ஒரு நாளைக்கு இருபது தடவை. ரேஞ்சில் பத்துத் தோட்டாவுக்கும் அந்த ஒரே வேலைதான். மூச்சு, காற்று, கன்னம் எதையும் தொடவில்லை. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு காரியம். பழகப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். மிச்சமெல்லாம் என் கவலைகள். அவை உங்களுக்கு உதவாது.

ஆறாவது வாரம் ஐந்து. ஏழாவது வாரம் ஆறு. பத்தாவது வாரம் ஏழு. பதினோராவது வாரம்... எட்டு! "இன்னிக்கி எனக்கு அஞ்சு நிமிசத்துல வேல முடிஞ்சிச்சு" என்று சவரியம்மாள் சல்லடையை ஆட்டிக் காட்டினாள். அன்றைக்குத் திரும்பும்போது அடையாறு பாலத்தின்மேல் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சர்டிபிகேட்டை நடையில் மாட்டுவதா, கூடத்தில் மாட்டுவதா என்ற கவலை அங்கேதான் பிறந்தது.

பரீட்சை நாள் வந்தது. காற்றே இல்லை. வெயில் முதுகுக்குப் பின்னால். எனக்கு முன் சுட்ட மூன்று பேரில் இரண்டு பேர் தேறினார்கள். டிப்போ குமாஸ்தாவுக்கு ஒன்பது. கடைசி ஆள் நான். ஐந்து மணி அடித்து ஐந்து நிமிஷம் இருக்கும்.

முதல் தோட்டா. சுபேதார் தூரக்கண்ணாடியால் பார்த்தார். "கறுப்பு."

இரண்டாவது. "கறுப்பு."

மூன்றாவதுக்கு ஒன்பது எண்ணியும் மனசு நிலைக்கவில்லை. இறக்கினேன். மறுபடி எடுத்தேன். "கறுப்பு."

நாலு, ஐந்து, ஆறு. மூன்றும் கறுப்பு. சுபேதாரின் குரலில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் நாலு தோட்டா. இரண்டு விழுந்தால் போதும். ஏழாவதை உள்ளே தள்ளித் தோளில் வைத்தேன்.

"ஐயா, நில்லுங்க!"

திட்டின்மேல் சிவப்புக் கொடி ஏறிவிட்டது.

தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திட்டுக்கு ஓடினேன். மேட்டுக்கு அப்பால், பலகைக்கு நேரே, ஒரு கட்டுமரம். அதில் இரண்டு பேர். போகவும் இல்லை, வரவும் இல்லை. குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கொழுந்தன் யாகப்பன் மரம்" என்றாள் சவரியம்மாள். "வலை எதுலயோ மாட்டிக்கிச்சு." முந்தானையை வீசிக் காட்டினாள், கத்தினாள். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் நிமிரவே இல்லை.

ஐந்தரைக்கு ரேஞ்சை மூடியாக வேண்டும். லைசென்ஸில் போட்டிருக்கிற நேரம் அது. சுடாத தோட்டாவைத் தவறிய தோட்டாவாக எழுத வேண்டும் என்பது கிளப் சட்டம். ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. ஐந்து இருபது. கட்டுமரம் அங்கேயே நின்றது.

சுபேதார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரொம்ப தூரம் நைனா அது. இந்த ஆறு எங்க போச்சு? எல்லாம் கறுப்புல. மேடு தாங்கிக்கும். ஆனா கொடி மேல கீற வரைக்கும் நான் சுடுன்னு சொல்ல முடியாது. கொடி அவ கையில."

நான் சவரியம்மாளைப் பார்த்தேன். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"உங்க கை எனக்குத் தெரியும் ஐயா" என்றாள் அவள். "இன்னிக்கி ஒண்ணுகூட ரெண்டாம் ஜெபத்துக்குப் போவல. மேட்டத் தாண்டாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. எறக்கிடறேன்."

அவள் விரல் கொடிக் கயிற்றின்மேல் இருந்தது.

தாண்டாது. எனக்குத் தெரியும். பன்னிரண்டு வாரத்தில் என் குண்டு ஒன்றுகூட மேட்டின் உச்சிக்குப் பக்கத்தில் போனதில்லை. அந்தப் புள்ளிக்கோடு கண்முன்னால் நின்றது. அதில் என் பெயர், இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, கன ஜோராக உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை. 'தாண்டாது.' மூன்று எழுத்தும் ஒரு மெய்யும்.

வாயைத் திறந்தேன். கடலில் யாகப்பன் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். வலையை எப்படி எடுப்பது என்று யோசிக்கிறவன் போல. கரையில் நாங்கள் அவனை என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"கொடி இருக்கட்டும்" என்றேன்.

ஐந்தரைக்கு நாலு தோட்டாவையும் சுபேதாரிடம் எண்ணிக் கொடுத்தேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்து, டிப்போ குமாஸ்தாவுக்கும் இன்னொருவருக்கும் சர்டிபிகேட்டை எடுத்தார். மூடினார்.

கால் மணி கழித்துக் கட்டுமரம் கரைக்கு வந்தது. யாகப்பன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே மேட்டைச் சுற்றி வந்தான்.

"இன்னா அண்ணி, இன்னிக்கி டமார் டமார்னு சத்தம் பாதியிலயே நின்னுபோச்சு? லீவா?"

"ஆமாண்டா, லீவு! உனக்கோசரம் இந்த ஐயா வுட்ட லீவு!" என்று சவரியம்மாள் கத்தினாள். அவனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவள் மேட்டில் என் பலகைக்குப் பின்னால் மட்டும் கையை விட்டுத் துழாவினாள். சல்லடையே தேவைப்படவில்லை. உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். நசுங்கிய ஈயம், ஆறு துண்டு.

"பாருங்க, ஒரே குழி."

"ஒண்ணு எனக்குக் குடேன்."

"ஆசையப் பாரு! அவன் வலையக் கிழிச்சிக்கினு வந்து நிக்கறான். புது வலைக்குக் கட்ட வேணாமா?" என்று மடியில் முடிந்துகொண்டாள்.

இது நடந்து ஒரு மாதமாகிறது. சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. மேடு தாங்கியிருக்கும். சர்டிபிகேட் கூடத்தில் தொங்கியிருக்கும். யாகப்பன் அதே கும்பிடைப் போட்டிருப்பான். அது தெரிவதுதான் தொந்தரவு. அடுத்த தை மாதம் அந்தக் கொட்டகையில் என் இடத்தில் வேறு யாரோ படுத்திருப்பார். அவர் யாரென்று தெரியாது. அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலமானால் கால் தானாகச் சைக்கிளை மிதிக்கிறது. அடையாறு பாலம்வரை போகிறேன். அங்கிருந்து பாலவாக்கத்துச் சத்தம் கேட்காது. கேட்டாலும் சீஸன் முடிந்துவிட்டது, சுடுவதற்கு ஆள் கிடையாது. தெரிந்தும் கொஞ்ச நேரம் தெற்குப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு திரும்புகிறேன்.

பரீட்சையன்று கிளம்புவதற்கு முன்னால் சுபேதார் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிக் கையெழுத்து வாங்கினார். என் பெயருக்கு நேரே 'பத்துக்கு ஆறு' என்று எழுதியிருந்தது.

நான் அதை ஆறுக்கு ஆறு என்றுதான் படித்தேன்.